வெற்று வானத்தின் வெப்பநிலையை எப்படி அளந்தார்கள்?

கேள்வி: விண்வெளியின் வெப்பநிலை 2.725 கெல்வின் (சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்) என்கிறார்கள். அங்கே தெர்மாமீட்டர் வைத்தா பார்த்தார்கள்? அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பிரபஞ்சத்தின் ஆரம்பக் கதையை எப்படிச் சொல்கிறார்கள்?

இது தராசு வேலை. ஒரு தட்டில் வானம், இன்னொரு தட்டில் வெப்பநிலை ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருள். எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்றபடி கதிர்வீச்சை வெளியிடும். அதனால் ரேடியோ வானியலில் இரைச்சலைக்கூட கெல்வின் கணக்கில்தான் சொல்வார்கள். இரண்டின் இரைச்சலையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டால் வானத்தின் சூடு தெரிந்துவிடும்.

1964இல் நியூஜெர்சியில் உள்ள ஹோம்டெல்லில் ரேடியோ வானியலாளர்கள் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் செய்தது இதைத்தான். பெல் ஆய்வகம் எக்கோ பலூன் செயற்கைக்கோளுக்காகக் கட்டிய கொம்பு வடிவ ஆன்டெனா கையில் இருந்தது. கூடவே, திரவ ஹீலியத்தால் குளிரவைத்த ஒரு ஒப்பீட்டுச் சாதனம். ஸ்விட்சை ஒரு பக்கம் திருப்பினால் ரிசீவருக்கு வானம், மறுபக்கம் திருப்பினால் ஹீலியக் குளிர். நேர் மேலே பார்த்தபோது கிடைத்தது 6.7 கெல்வின்.

இனிமேல் கழித்தல் கணக்கு. காற்றுமண்டலத்தின் பங்கு 2.3 கெல்வின். ஆன்டெனாவைச் சாய்க்கச் சாய்க்க, அது பார்க்கும் காற்றின் தடிமன் கூடும், இரைச்சலும் கூடும். எவ்வளவு கூடுகிறது என்பதை வைத்துக் காற்றின் பங்கைப் பிரித்துவிடலாம். ஆன்டெனாவின் உலோகத்திலிருந்தும் தரையிலிருந்தும் வருவது 0.9. மிச்சம் 3.5 கெல்வின், ஒரு கெல்வின் முன்னே பின்னே இருக்கலாம். எந்தத் திசையில் திருப்பினாலும், எந்தப் பருவத்தில் பார்த்தாலும் அந்த மிச்சம் மாறவே இல்லை. ஆன்டெனாவுக்குள் இருந்த புறா எச்சத்தைத் துடைத்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கழித்தல்தான் பெரிது. மற்ற பங்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தானே மிச்சத்தை நம்ப முடியும்? அந்த மிச்சம், சூடாக இருந்த ஆரம்பப் பிரபஞ்சத்திலிருந்து வரும் ஒளி என்று பிரின்ஸ்டனில் இருந்த ராபர்ட் டிக்கியின் குழு விளக்கியது.

2.725 என்ற துல்லியம் 1989 நவம்பரில் ஏவிய கோபி செயற்கைக்கோளால் வந்தது. அதிலிருந்த ஃபிராஸ் கருவியும் தராசுதான். உள்ளே வைத்த கரும்பொருளின் (விழும் கதிர்வீச்சை எல்லாம் உறிஞ்சி, தன் சூட்டுக்கு ஏற்ப மட்டுமே கதிர்வீசும் பொருள்) வெப்பநிலையை, வானத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யமாகும்படி சரிசெய்தார்கள். போதாததற்கு, வானத்தைப் பார்க்கும் கொம்பு வடிவ வாயை இன்னொரு கரும்பொருளால் அடைத்து, வானமே தெரியாமல் செய்தும் சரிபார்த்தார்கள். அளந்த எல்லா அலைநீளமும் ஒரே வெப்பநிலையைக் காட்டியது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது. நட்சத்திர ஒளியை எல்லாம் கூட்டினாலும் இப்படி ஒரு சுத்தமான கரும்பொருள் நிறமாலை வராது. ஒளியும் பொருளும் ஓயாமல் மோதிக்கொண்டு, எங்கும் ஒரே சூட்டில் இருந்த காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். சுமார் 3,80,000 ஆண்டு வயதில் பிரபஞ்சத்தின் சூடு 3000 கெல்வினுக்கு இறங்கியது. எலக்ட்ரான்கள் அணுக்களுக்குள் போய்ச் சேர்ந்தன, ஒளிக்கு வழி கிடைத்தது. அதன்பின் பிரபஞ்சம் சுமார் 1100 மடங்கு விரிந்துவிட்டது. 3000ஐ 1100ஆல் வகுத்துப் பாருங்கள்.

சரி, ஒரே எண் சொல்வது இவ்வளவுதான். மீதியெல்லாம் அந்த எண் திசைக்குத் திசை மாறுவதில் இருக்கிறது. முதலில் தெரிவது நம்முடைய ஓட்டம். சூரியன் நொடிக்கு சுமார் 370 கி.மீ. வேகத்தில் போவதால், போகும் திசையில் 3.4 மில்லிகெல்வின் கூடுதல், பின்பக்கம் அதே அளவு குறைவு. அதையும் கழித்தால் மிஞ்சுவது லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம். கோபி குழு 1992இல் இதை அறிவித்தது. பிறகு வந்த டபிள்யூமேப், பிளாங்க் விண்கலங்கள் இன்னும் நுணுக்கமாக அளந்தன.

இந்த ஏற்ற இறக்கம் வானத்தில் சூடான, குளிர்ந்த திட்டுகளாகத் தெரியும். அவற்றில் ஒரு பாகை அகலத்தில் இருப்பவைதான் தூக்கலாகத் தெரிகின்றன. ஈர்ப்பு உள்ளே இழுக்க, ஒளியின் அழுத்தம் வெளியே தள்ள, ஆரம்பப் பிரபஞ்சத்தில் ஒலி அலைகள் ஓடின. அந்த 3,80,000 ஆண்டில் ஒலி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணக்குப் போடலாம். அந்த நீளம் வானத்தில் ஒரு பாகையாகத் தெரிய வேண்டுமென்றால், வெளி வளையாமல் தட்டையாக இருக்க வேண்டும். அதைவிடச் சின்னத் திட்டுகள் எவ்வளவு தூக்கலாக இருக்கின்றன என்பதிலிருந்து பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருள் 5 சதவீதம், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் இருண்ட பொருள் 27 சதவீதம் என்ற கணக்கு வந்தது. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்பதும் இந்த அளவீடுகளில் கிடைத்ததுதான்.

கழித்தலில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2014 மார்ச்சில், தென் துருவத்தில் அளந்த பைசெப்2 குழு, பிரபஞ்சத்தின் முதல் நொடியில் எழுந்த ஈர்ப்பலைகளின் (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகள்) சுவடு, இந்த ஒளியின் முனைவாக்கத்தில் (ஒளி அலை அதிரும் திசை) சுழல் வடிவமாகக் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. உலகமே கொண்டாடியது. ஆனால் அவர்கள் பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில். நம் பால்வீதியின் தூசியும் அதே மாதிரி சுழல் வடிவத்தைத் தரும். தூசி பளிச்சென்று தெரியும் 353 கிகாஹெர்ட்ஸில் பிளாங்க் எடுத்த தரவையும் சேர்த்து 2015இல் ஆராய்ந்தபோது, அந்த அறிவிப்பு நிற்கவில்லை. இப்போது அதே இடத்தில் பல அதிர்வெண்களில் அளந்து தூசியைத் தனியே கழிக்கிறார்கள். ஈர்ப்பலைச் சுவடு இன்னும் சிக்கவில்லை.