வட்டி இறங்கிவிட்டது, காசைப் பங்கில் போடலாமா?

கேள்வி: ஐயா, கிளிநொச்சி வட்டக்கச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிறோம். கையில் 15 லட்சம் ரூபாய் இருக்கிறது. 2023 இல் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி தந்தார்கள். இப்போது 8 வீதம்தான் என்கிறார்கள். மகன் பங்கு வாங்கச் சொல்கிறான், மருமகன் அரசாங்கம் கடன் வாங்க விற்கிற திறைசேரி முறி என்கிறார். இரண்டு வருடத்தில் இளையவளுக்குக் கல்யாணம். 3 லட்சத்துக்கு நகை அடகில் கிடக்கிறது. எதில் போடுவது?

பதில்: அம்மா, முதலில் நகையை மீட்டுவிடுங்கள். வைப்பிலோ முறியிலோ வருகிற வட்டியைவிட அடகுக்கு நீங்கள் கட்டுகிற வட்டி கூட.

வட்டி இறங்கியதில் மனவருத்தம் வருவது சரிதான். ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். அந்த நேரம் திறைசேரி உண்டியலுக்கு (அரசாங்கம் ஒரு வருடத்துக்குள் திருப்பித் தருகிற கடன் பத்திரம்) 30 வீதமளவில் வட்டி கிடைத்தும் காசின் பெறுமதி கரைந்துகொண்டே போனது. 2025 இல் பணவீக்கம் 3 வீதத்தைத் தாண்டவில்லை. இன்றைய 8 வீதத்தில் உண்மையாகவே ஏதோ மிஞ்சுகிறது. ஆகவே வட்டி குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பங்குப் பக்கம் போகவேண்டாம். எந்தக் காசு எப்போது வேண்டும் என்று பாருங்கள்.

காலபோக (மழைக்கால நெற்செய்கை) செலவுக்கான காசுக்கு 182 நாள் திறைசேரி உண்டியல் நல்ல பொருத்தம். மார்ச்சில் நெல் விற்ற கையோடு வாங்கினால் செப்டெம்பரில், உழவுக்கு முன்னரே, முதிர்ந்து வந்துவிடும். விதைப்புக்காக நகை திரும்ப அடகுக்குப் போகாது.

கல்யாணக் காசுக்கு மருமகன் சொல்வது சரி. ஆனால் எத்தனை வருட முறி என்று அவரிடம் கேளுங்கள். 9 வீத வட்டியில் 100 ரூபாவுக்கு வாங்கிய 10 வருட முறியை, சந்தை வட்டி 12 வீதமாக ஏறிய பிறகு விற்கப்போனால் 83 ரூபாயளவில்தான் கிடைக்கும்; புது முறி 12 வீதம் தரும்போது 9 வீத முறிக்கு யாரும் முழு விலை தரமாட்டார்கள். அதே 2 வருட முறியென்றால் 95. முதிரும்வரை வைத்திருந்தால் முழு 100 உம் வரும். வட்டி இறங்கிக் கிடக்கும்போது நீண்டகால முறியில் மாட்டிக்கொள்வதுதான் எனக்குப் பயம். கல்யாணத்துக்குச் சற்று முன் முதிர்கிற முறியாகப் பார்த்து வாங்குங்கள்.

பங்கு கெட்டதல்ல. ஆனால் 2022 தொடக்கத்தில் 13,000 ஐத் தாண்டி நின்ற கொழும்பு அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், அந்த வருட முடிவில் 8,500 அளவுக்கு விழுந்துவிட்டது. பிறகு ஏறி, 2025 இல் 20,000 ஐயும் கடந்தது உண்மைதான். ஆனால் விழுந்த வருடத்தில் கல்யாணம் வந்தால் என்ன செய்வீர்கள்? ஐந்தாறு வருடம் தொடத் தேவையில்லாத இரண்டு லட்சம் இருந்தால், மகனை அதில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கச் சொல்லுங்கள். கடன்பட்டு வேண்டவே வேண்டாம்.

வைப்பில் எதையாவது போட்டால் ஒரே நிறுவனத்தில் 11 லட்சத்துக்கு மேல் வைக்காதீர்கள்; அந்த நிறுவனம் நொடித்துப்போனால் வைப்புக் காப்புறுதி திருப்பித் தருவது அவ்வளவுக்குத்தான். அப்புறம், 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாதவர்கள் அதைத் தாங்களே எழுதி உறுதிப்படுத்தும் சுய பிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். வங்கிக்குப் போகும்போது அந்தப் படிவத்தையும் கேட்டு நிரப்பிக் கொடுங்கள்.