கர்ப்பால் சிங் ஜெலுத்தோங்கில் அத்தனை காலம் வென்றது எப்படி?

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜெலுத்தோங், சீன வாக்காளர்கள் அதிகமுள்ள நாடாளுமன்றத் தொகுதி. அதில் ஒரு சீக்கியர் 1978 முதல் 1999 வரை ஐந்து தவணை எப்படி நின்றார் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்சி ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) என்பது ஒரு காரணம். ஆனால் நீதிமன்றம்தான் பெரிய காரணம் என்பேன். வழக்கறிஞராகத் தூக்குத் தண்டனை வழக்குகளில் விடாமல் வாதாடியவர். பினாங்கில் நம் தமிழர்களும் அவரைத் தெரியாது என்று சொல்லமாட்டார்கள்.

1987இல் ஓப்ஸ் லாலாங் என்ற பெரும் கைது நடவடிக்கையில், விசாரணையின்றிச் சிறைவைக்கும் இசா (உள்நாட்டுப் பாதுகாப்பு) சட்டத்தில் பிடித்தார்கள். 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் விடுவித்தது. சில மணி நேரத்தில், பினாங்கு திரும்பும் வழியிலேயே மறுபடி கைது! 1990இல் ஜெலுத்தோங் மீண்டும் அவரையே அனுப்பியது.

1999இல் இஸ்லாமியக் கட்சியான பாஸோடு ஜசெக வைத்த கூட்டணி அவரைக் கவிழ்த்துவிட்டது. அப்புறம் 2004இல் பினாங்கின் இன்னொரு தொகுதியான புக்கிட் குளுகோரில் வென்றார். அடுத்த வருடமே விபத்து, சக்கர நாற்காலி. அதில் அமர்ந்தே பிரச்சாரம் செய்தார். 2013இல் பெரும்பான்மை 41,000ஐத் தாண்டியது. 2014 ஏப்ரலில் கம்பார் அருகே சாலை விபத்தில் இறக்கும்வரை தொகுதி அவரிடமே இருந்தது.