கேள்வி - பதில்: ஆளை எடுக்கலாம், பணத்தை எடுக்கக் கூடாதா?

கேள்வி: முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் கட்டாய ராணுவ சேவையை எதிர்த்த பிலிப் ஸ்னோடன், அதே போருக்காக வருமான வரியை உயர்த்தச் சொன்னார் என்று படித்தேன். இது முரண் அல்லவா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: மேலோட்டமாகப் பார்த்தால் முரண்தான். ஆனால் போரின் சுமை யார் தலையில் விழுகிறது என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் இரண்டு விவாதங்களிலும் எழுப்பினார். யார்க்ஷயரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, கலால் துறையில் ஊழியராக இருந்து, 1906-இல் பிளாக்பர்ன் தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்கு வந்தவர் அவர். வரி எப்படி வசூலாகிறது என்பதை உள்ளிருந்தே அறிந்தவர்.

1916 ஜனவரியில் பிரதமர் ஆஸ்குவித்தின் அரசு நிறைவேற்றிய சட்டம் முதலில் 18 முதல் 41 வயது வரையுள்ள மணமாகாத ஆண்களைப் படைக்கு அழைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் மணமானவர்களும் சேர்க்கப்பட்டனர். மனசாட்சியின் பேரில் போரிட மறுப்போருக்கு விலக்களிக்கும் பிரிவு சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அதை முடிவுசெய்த உள்ளூர்த் தீர்ப்பாயங்களில் ராணுவத்தின் பிரதிநிதியும் அமர்ந்து குறுக்கு விசாரணை செய்ததால், விலக்குக் கேட்டவர்களில் பலர் நியாயமான விசாரணையின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஸ்னோடனின் மிகச் சிறந்த நாடாளுமன்றப் பணி இங்கேதான் நடந்தது என்பது என் கருத்து. தம் தொழிலாளர் கட்சியின் பெரும்பான்மையினரே போரை ஆதரித்த நிலையில், தீர்ப்பாயங்களில் நடந்தவற்றையும் சிறையிலும் படைமுகாமிலும் மறுப்பாளர்கள் பட்ட கொடுமைகளையும் அவர் சபையில் விடாமல் எழுப்பினார். அந்த ஆண்டு பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மறுப்பாளர்களில் 30-க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது என்பதிலிருந்து நிலைமையின் கடுமையை ஊகிக்கலாம்.

இனி வரிக்கு வருவோம். 1915 செப்டம்பரில் நிதியமைச்சர் மெக்கென்னா போர்க்கால மிகை லாபத்துக்கு 50 சதவீத வரி விதித்தார். கூடவே தேயிலை, சர்க்கரை வரிகளையும் உயர்த்தினார். ஏழையின் தேநீரில் கைவைப்பதைவிட வருமானத்திலும் லாபத்திலும் வசூலிப்பதே முறை என்பது ஸ்னோடனின் நிலை. கடன் வாங்கிப் போர் நடத்தினால், போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பும் தொழிலாளியே கடன் கொடுத்த செல்வருக்கு ஆயுள் முழுவதும் வட்டி கட்ட நேரும். உயிரைக் கட்டாயமாகக் கேட்கும் அரசு செல்வத்தையும் அவ்வாறே கேட்கட்டும் என்பது, தொழிலாளர் கட்சியோடு இணைந்திருந்த சோஷலிச அமைப்பான சுயேச்சைத் தொழிலாளர் கட்சியில் அவரைச் சார்ந்தோரின் வாதம். 1914-இல் ஒரு பவுன் (20 ஷில்லிங்) வருமானத்துக்கு 1 ஷில்லிங் 2 பென்ஸாக இருந்த வருமான வரி 1918-இல் 6 ஷில்லிங்கை எட்டியது உண்மைதான். ஆயினும் ஏறத்தாழ 65 கோடிப் பவுனாக இருந்த தேசியக் கடன் போர் முடிந்தபோது 700 கோடியைத் தாண்டியிருந்தது.

1918 தேர்தலில் ஸ்னோடன் தோற்றார். 1924-இல் தொழிலாளர் கட்சியின் முதல் நிதியமைச்சரானபோது தேயிலை, சர்க்கரை வரிகளைக் குறைத்து, கார், கடிகாரம் போன்ற இறக்குமதிகள் மீது மெக்கென்னா போட்டிருந்த தீர்வைகளையும் நீக்கினார். ஆனால் சிறுபான்மை அரசில் இருந்த அவரது பட்ஜெட்டில், போர்க்கடனை அடைக்க அவர் கட்சி கோரிவந்த, பெருஞ்செல்வத்தின் மீது ஒரே ஒருமுறை விதிக்கும் வரி இடம்பெறவில்லை.