தரை டைலைப் பெயர்த்த பின் இருமல்: எக்ஸ்ரே தேவையா?

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் 1962இல் கட்டிய வீடொன்றை வாங்கினோம். செலவைக் குறைக்க, என் கணவரும் தம்பியும் பேஸ்மென்ட் தரையிலிருந்த பழைய டைல்களை இரண்டு நாள்களாகச் சுத்தியலும் உளியும் கொண்டு பெயர்த்தார்கள். பாதி முடிந்த பிறகுதான், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கணவருக்கு வறட்டு இருமல் இருக்கிறது. மூன்று வயது மகளும் அந்தத் தூசியில் விளையாடினாள். உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் டைல் ஒன்பது அங்குலச் சதுரமாகவும், அதன் அடியில் தார் போன்ற கறுப்புப் பசை ஒட்டியிருப்பதாகவும் தெரிகிறது. அந்தக் காலத்து வீட்டில் இவ்விரண்டும் சேர்ந்திருந்தால், ஆய்வக முடிவு வரும் வரை டைல், பசை இரண்டிலுமே ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக வைத்துக்கொள்வதுதான் முறை. கனடா இப்பொருளைத் தடைசெய்தது 2018இல்தான்; அதற்கு முன் பல ஆண்டுகள் கியூபெக் சுரங்கங்களில் வெட்டி இந்தியா வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ஊரில் கண்ட கூரைத் தகடு மட்டுமே நினைவுக்கு வரும் நமக்கு, காலடியில் அது இருக்குமென்று தோன்றாததில் வியப்பில்லை.

எக்ஸ்ரே இப்போது வேண்டாம். நுரையீரலுக்குள் போன நுண்ணிய ஆஸ்பெஸ்டாஸ் இழை எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் வரும் நோய்கள் பெரும்பாலும் இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்தே வெளிப்படுகின்றன என்பதால், இன்று எடுக்கும் படம் சுத்தமாக இருந்தாலும் அது எதற்கும் உத்தரவாதமாகாது. இரண்டு நாளில் வந்த இருமலுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் காரணமன்று. சிமென்ட் தூசியோ பூஞ்சையோ தொண்டையை உறுத்தியிருக்கும். மூச்சுத்திணறல், காய்ச்சல், இழுப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, இருமல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள். நடந்ததைத் தேதியுடன் கோப்பில் எழுதி வைக்கும்படியும் அவரிடம் கேளுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸால் நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சுரங்கம், கப்பல் கட்டும் தளம் போன்ற வேலையிடங்களில் ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்கள். டைலில் இழைகள் இறுகப் பிணைந்திருப்பதால், முழுதாகக் கழன்று வரும் டைலிலிருந்து குறைவாகவே வெளிவரும்; உடைத்தால் கூடும், இயந்திரம் கொண்டு தேய்த்தால் மிகவும் கூடும். பாதுகாப்பான அளவு என்று ஒன்றை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், இரண்டு நாள் வேலையால் வரும் கூடுதல் ஆபத்து சிறியதே. கணவர் புகைபிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. ஆகவே அவர் புகைபிடிப்பவரானால், அதை விடுவதைவிடப் பெரிய சிகிச்சை எதையும் என்னால் எழுதித்தர முடியாது.

மகளைப் பற்றி நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. டைலோடு சுவரோரப் பலகைகளையும் பிடுங்கியிருப்பார்கள். 1962ஆம் ஆண்டு வீட்டின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. விரலை வாயில் வைக்கும் வயது அவளுக்கு. ஆஸ்பெஸ்டாஸுக்கு இல்லாத இரத்தப் பரிசோதனை ஈயத்துக்கு உண்டு; அதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

மீதி வேலையை நிறுத்துங்கள். துடைப்பமும் வீட்டு வேக்கூமும் இழைகளைக் காற்றில் கிளப்பிவிடும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை அணைத்து, பேஸ்மென்ட் கதவை மூடிவையுங்கள். அங்கிருந்து காற்றுக் குழாய் வழியே தூசி படுக்கையறை வரை போகும். பசை ஒட்டிய டைல் துண்டொன்றை இரட்டைப் பையில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆஸ்பெஸ்டாஸ் உறுதியானால், கிடக்கும் துண்டுகளையும் தூசியையும் அகற்றுவதை அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். உடையாமல் ஒட்டியிருக்கும் டைல்களின் மேல் புதுத் தரை போட்டு மூடிவிடுவதே என் விருப்பம். கறுப்புப் பசையை மட்டும் எக்காரணம் கொண்டும் இயந்திரத்தால் தேய்க்காதீர்கள். கோவிட் காலத்தில் வாங்கிய முகக்கவசங்கள் இதற்குப் போதா.

அந்த இரண்டு நாளும் இருவரும் அணிந்த உடைகள் இன்னும் சலவைக் கூடையில் கிடந்தால், உதறாமல் ஈரமாக்கிப் பையில் கட்டி, ஆய்வக முடிவு வரும் வரை தனியே வைத்திருங்கள்.