கிணற்றுக்குள் போகும் தண்ணீர் பில்

கேள்வி: கல்லடியில் பழைய வீடொன்று வாங்கினோம். கிணற்றடியில் நாலு வால்வு, ஏழெட்டுக் குழாய். எது எங்கே போகிறதென்று விற்றவருக்கே தெரியாது. அவருடைய அப்பா பூட்டியதாம். குளிப்பு, துவைப்பு எல்லாம் கிணற்றுத் தண்ணீர். குசினியில் மட்டும் நீர் வழங்கல் சபைத் தண்ணீர். ஆனாலும் மாதப் பில் தலைசுற்ற வைக்கிறது. தண்ணீர் மிச்சம் பிடிக்கிற பைப் வாங்கிப் போட்டால் குறையுமா?

பதில்: ஒன்றும் வாங்காதீர்கள் தங்கச்சி. வீட்டிலுள்ள எல்லாப் பைப்பையும் இறுக்கி மூடிவிட்டு மீற்றரைப் பாருங்கள். முகப்பிலுள்ள சின்னச் சக்கரம் அப்போதும் சுற்றினால் தண்ணீர் எங்கோ ஓடுகிறது. உங்கள் கிணற்றுக்குள்தான் என்பது என் ஊகம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கிணறும் மோட்டரும் முதலில், சபை லைன் பிறகு. லைன் வந்ததும் வீட்டுக்காரர் கையில் கிடந்த ரீயை (மூன்று வாய் இணைப்புத் துண்டு) வைத்து இரண்டையும் ஒட்டிவிடுவார். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கிற புட்வால்வு தேய்ந்ததும் சபைத் தண்ணீர் மோட்டர் வழியாக இறங்கிக் கிணற்றில் சேரும். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைக் கரண்டுக்கும் காசு கொடுத்து மறுபடி இறைக்கிறீர்கள்!

பில்லாவது உங்கள் வீட்டோடு போகும். சபை லைனில் அழுத்தம் இறங்கியிருக்கும்போது மோட்டரைப் போட்டால் கிணற்றுத் தண்ணீர் தெருக் குழாய்க்குள் ஏறும். கக்கூசுக் குழியும் கிணறும் ஒரே மணல் வளவுக்குள் இருக்கிற ஊர் இது. அந்தத் தண்ணீரைக் குடிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை. கிணற்றடியில் தானே பைப் வேலை பார்த்த எந்த அப்பாவும் இதை யோசித்ததாக நான் கண்டதில்லை. தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற நொன்ரிட்டேர்ன் வால்வு போட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். அதற்குள் நாலு மணல் சிக்கினால் அது மூடாது. இரண்டு லைனையும் வெட்டிப் பிரித்து, முனைகளுக்கு மூடி ஒட்டுங்கள். அப்புறம் எந்த வால்வு எதற்கு என்று பெயின்ரால் எழுதி வையுங்கள். அடுத்து வாங்குகிறவராவது நிம்மதியாக இருக்கட்டும்.

கேள்வி: ஒவ்வொரு காலையும் வாளியால் தண்ணீர் ஊற்றினால்தான் மோட்டர் இழுக்கிறது. பெரிய மோட்டர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். (ஆரையம்பதி)

பதில்: புட்வால்வை மாற்றுங்கள். கரையோரக் கிணற்றில் பெரிய மோட்டர் போட்டு உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர்தான் மேலே வரும்.

கேள்வி: லொறியில் வந்த வியாபாரியிடம் பித்தளைப் பைப் என்று வாங்கினேன். கழுத்து முறிந்துவிட்டது. பில் இல்லை. லொறி எந்த ஊர் என்றும் தெரியாது. என்ன செய்யலாம்? (அக்கரைப்பற்று)

பதில்: புதிதாக ஒன்று வாங்கலாம், தம்பி. பில்லோடு. மினுக்கத்தைப் பார்த்து நானும் இப்படி ஒன்று வாங்கினேன். பூச்சு உரிந்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. கையில் தூக்கிப் பாருங்கள், பித்தளை கனக்கும். லொறிக்காரரிடம் அதற்குக்கூடவா நேரமில்லை?

கேள்வி: மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் 1000 லீற்றர் தாங்கி வாங்கினேன். 20 லீற்றர் வாளியால் ஊற்றிப் பார்த்தேன், 40 வாளியிலேயே வழிந்துவிட்டது. "கழுத்து வரைக்கும் சேர்த்துத்தான் கணக்கு" என்கிறார்கள். நான் தனி ஆள், சண்டை பிடிக்கத் தெரியாது. (களுவாஞ்சிகுடி)

பதில்: அக்கா, உங்கள் கணக்கில் பிழையில்லை. வழிந்தது 800 லீற்றரில். கழுத்துக்குள் 200 லீற்றர் பிடிக்க அதென்ன ஒட்டகமா? நாடா வைத்தும் அளந்து பாருங்கள்: ஒரு மீற்றர் அகலமான வட்டத் தாங்கியில் 1000 லீற்றர் கொள்ள, உள்ளே 1.27 மீற்றர் உயரம் வேண்டும். சண்டை பிடிக்க வேண்டாம், எழுதுங்கள். பில், தாங்கியில் ஒட்டியிருக்கும் தாள், நாடா வைத்த படம் மூன்றையும் சேர்த்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுங்கள். தொலைபேசி 1977. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நாள் கடத்தாதீர்கள், தாளையும் கிழிக்காதீர்கள். முறைப்பாடு போனது தெரிந்ததும் கடைக்காரர் கொஞ்சக் காசை நீட்டி "பேசி முடிப்போம்" என்பார். வாங்காதீர்கள். அவர் விற்றது 1000 லீற்றர் தாங்கி. 1000 லீற்றர் தாங்கியே வர வேண்டும்.