சோடியத்தைத் தாங்கும் எஃகு உருகிய ஈயத்தில் கரைவது ஏன்? அலுமினா படலம் என்ன செய்கிறது?

கல்பாக்கத்தின் எஃப்.பி.டி.ஆர். என்ற சோதனை வேக ஈனுலையில் 1985 முதல் உருகிய சோடியம் சாதாரண 316 வகைத் துருப்பிடிக்காத எஃகிலேயே ஓடும்போது, ஈயத்தால் குளிரும் உலைகளுக்கு மட்டும் அலுமினியம் சேர்த்த தனி எஃகு எதற்கு என்பதும், அதைக் கல்பாக்கத்திலும் பயன்படுத்தலாமே என்பதும் கேள்வி. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே அதற்குத் தேவை இல்லை. சோடியத்தில் ஆக்சிஜனைச் சில பி.பி.எம். (பத்து லட்சத்தில் சில பங்கு) அளவுக்குள் வைத்திருந்தால் எஃகு ஏறக்குறைய அப்படியே இருக்கும். அங்கு எரிபொருள் உறைக்குப் பெரிய தொல்லை நியூட்ரான் தாக்கத்தால் வரும் வீக்கம்தான். கல்பாக்கத்தின் பெரிய முன்மாதிரி வேக ஈனுலையான பி.எஃப்.பி.ஆருக்கு, வீக்கத்தைத் தாங்கும் டி9 எஃகைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகவே.

ஈயத்தின் கதை வேறு. இவ்வகை உலைகளில் ஈயத்துக்குப் பதிலாகவும் பயன்படும் ஈயம்-பிஸ்மத் கலவையில் 500 டிகிரி செல்சியஸில் நிக்கல் எடையளவில் இரண்டு மூன்று சதவீதம் வரை கரையக்கூடியது. இரும்பின் கரைதிறனோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 316 எஃகில் நிக்கல் பத்து சதவீதத்துக்கு மேல் இருப்பதால், பாதுகாப்புப் படலம் இல்லாத இடத்தில் முதலில் வெளியேறுவது அதுதான். நிக்கலை இழந்த பகுதி ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்பிலிருந்து ஃபெரைட் என்ற வேறொரு படிக அமைப்புக்கு மாறுகிறது. அதன் நுண்துளைகளுக்குள் திரவ உலோகம் புகுகிறது. அப்படி அரிக்கப்பட்ட துண்டை வெட்டி, மெருகேற்றி, மின்னணு நுண்ணோக்கியின் பின்சிதறல் படத்தில் பார்த்தால், சாம்பல் நிற எஃகுக்குள் ஈயம் பளிச்சென்ற வெள்ளை இழைகளாக இறங்கியிருப்பது தெரியும்.

இதைத் தடுக்கும் பழைய வழி, ஈயத்தில் சிறிதளவு ஆக்சிஜனைக் கரைத்து எஃகின் மேல் இரும்பு-குரோமியம் ஆக்சைடை வளரவிடுவது. ரஷ்யர்கள் இதற்கெனச் சிலிக்கன் கூடுதலாக உள்ள இ.பி.823 எஃகை உருவாக்கினார்கள். ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் படலம் கரைகிறது, கூடினால் ஈய ஆக்சைடு கசடாகி வழிகளை அடைக்கிறது. 1968-இல் கே-27 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலின் உலை கெட்டதற்கு, கசடு சேர்ந்து எரிபொருளுக்குக் குளிர்ச்சி குறைந்ததே காரணமாகச் சொல்லப்படுகிறது. தவிர, 500 டிகிரிக்கு மேல் இந்த ஆக்சைடு பத்து, இருபது மைக்ரான் என்று தடித்து, வெப்பம் கடப்பதைக் குறைத்து, கடைசியில் உரிந்தும் விழுகிறது.

அலுமினியம் சேர்த்த எஃகின் மேல் உருவாகும் அலுமினியம் ஆக்சைடுதான் அலுமினா. அதன் சிறப்பு, மிக மிகக் குறைந்த ஆக்சிஜனிலும் நிலையாக இருப்பதும், மெதுவாக வளர்வதும்தான். ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். பல்கலைக்கழகத்தில், பத்து சதவீதக் குரோமியமும் நான்கு சதவீத அலுமினியமும் கொண்ட இரும்புக் கலவையை 550 டிகிரி ஈயத்தில் 10,000 மணி நேரம் வைத்துப் பார்த்தபோது, அதன் மேல் இருந்த படலம் ஏறத்தாழ 100 நானோமீட்டர்தான். கீறல் விழுந்தாலும் அடியிலுள்ள அலுமினியமே மீண்டும் மூடிவிடும்.

இந்த இரும்பு-குரோமியம்-அலுமினியக் குடும்பம் ஒன்றும் புதிதல்ல. அடுப்புச் சுருளில் வரும் காந்தல் கம்பியும் அதே இனம்தான். ஆனால் காந்தலை அப்படியே உலைக்குள் வைக்க முடியாது. அதிலுள்ள இருபது சதவீதத்தை ஒட்டிய குரோமியம், 475 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் தனியே பிரிந்து எஃகை நொறுங்கச் செய்யும். ஈய உலை இயங்குவதோ அதே வெப்பத்தில். குரோமியத்தைப் பத்தாகக் குறைத்தால் நொறுங்கல் தணியும், ஆனால் படலம் உருவாவது சிரமமாகிறது. சிர்கோனியம், டைட்டானியம் போன்றவற்றைச் சேர்ப்பது இங்கேதான் உதவுகிறது: எஃகிலுள்ள கார்பனை அவை பிடித்துக்கொள்வதால் குரோமியம் கார்பைடாகாமல் மீந்து, அலுமினா உருவாகத் துணை நிற்கிறது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான இந்தச் சேர்க்கையைத்தான் நான் இத்துறையின் உண்மையான நுட்பமாகக் கருதுகிறேன்.

ஃபெரைட் அமைப்புள்ள இந்தக் குடும்பம் அதிக வெப்பத்தில் வலுவிழக்கும் என்பதால், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2007-இல் அறிவித்த, அலுமினா படலம் உருவாக்கும், நிக்கலும் உள்ள எஃகு வகையை ஈயத்துக்கும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வலு கிடைக்கும், ஆனால் படலம் ஓரிடத்தில் தவறினால் நிக்கல் மறுபடியும் கரையத் தொடங்கும். ஆகவே, வலுவான சாதாரண எஃகின் மேல் அலுமினா படலம் உருவாக்கும், நிக்கல் இல்லாத எஃகைப் பற்றவைத்துப் பூசும் முறையே எனக்கு நம்பகமாகப் படுகிறது. பம்பு இறக்கைகளுக்கு மட்டும் இதுவும் போதாமல் போகலாம்: தண்ணீரைவிடப் பத்து மடங்கு அடர்த்தியான ஈயம் அங்கே வேகமாக மோதுகிறது. குழாய்களில் வேகத்தை நொடிக்கு 2 மீட்டரை ஒட்டி வைத்துக்கொள்ளலாம், சுழலும் இறக்கை நுனியில் அது முடியாது.