பெற்றோல் பில்டர் மாற்ற பற்றரியைக் கழற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கிறேன். எனது பழைய இன்ஜெக்ஷன் காரின் பெற்றோல் பில்டரை வீட்டு போர்ட்டிகோவில் நானே மாற்றப் பார்க்கிறேன். பற்றரி வயரைக் கழற்றினால் பயமில்லை என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: பற்றரியைக் கழற்றத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் பெற்றோல் லைனில் உள்ள அழுத்தத்தை இறக்கவேண்டும். உங்களுடையது போன்ற கார்களில் அது சுமார் 3 பார், டயருக்கு நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். எஞ்சினை நிறுத்தினாலும், பற்றரியைக் கழற்றினாலும் அது உள்ளேயே நிற்கும். அப்படியே ஹோஸை இழுத்தால் பெற்றோல் நேரே கண்ணில் பீச்சும், சூடான சைலன்சர் குழாயிலும் படும்.

அழுத்தத்தை இறக்க, எஞ்சின் ஓடும்போதே பெற்றோல் பம்பின் பியூஸை அல்லது ரிலேயைக் கழற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். இன்னொருதரம் ஸ்டார்ட் அடித்துப் பார்த்துவிட்டுச் சாவியை எடுங்கள். எல்லாம் நன்றாக ஆறிய பிறகு டாங்கி மூடியை மெல்லத் திறந்து மூடி, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். அப்போதும் பில்டருக்குள் பெற்றோல் மிச்சம் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஹோஸ் பூட்டியிருக்கும் மூட்டை ஒரு துணியால் சுற்றிப் பிடித்துத் தளர்த்துங்கள்.

போர்ட்டிகோ வேண்டவே வேண்டாம். மைனஸ் 40 பாகைக் குளிரிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடுவது பெற்றோல். கச்சான் வீசும் நடுப்பகலில் சொல்லவா வேண்டும்? அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். தரையோடு ஊர்ந்து குசினி அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் போய்விடும். கிணற்று மோட்டரின் சுவிட்சில் வரும் சிறு பொறியே அதற்குப் போதும். காலை வேளையில் வெளி முற்றத்தில் செய்யுங்கள். வெளிச்சத்துக்கு எல்ஈடி டோர்ச். வயரில் தொங்கும் குண்டு பல்பில் ஒரு துளி பட்டாலே வெடிக்கலாம். ட்ரை பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் பெற்றோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும். தீ கைமீறினால் விலகி நின்று தீயணைப்புப் படையின் 110ஐ அழையுங்கள்.

வடிந்த பெற்றோலை முற்றத்தில் கொட்டாதீர்கள். உங்கள் பக்கம் மணல் தரை, அது கிணற்றுக்கு இறங்கிவிடும். குழாய் வைத்து வாயால் உறிஞ்சவும் வேண்டாம். கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

பில்டர் டாங்கிக்குள் இருக்கும் கார், ஹைபிரிட், கொமன் ரெயில் டீசல் என்றால் கராஜுக்கே கொண்டுபோங்கள். கொமன் ரெயிலின் உயர் அழுத்த லைனில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும், பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பூட்டும்போது வொஷரும் கிளிப்பும் புதிதாக இருக்கட்டும், பில்டரில் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கட்டும். பியூஸையும் பற்றரியையும் பூட்டி, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று தரம் ஓன் பண்ணி, மூட்டுகளை டோர்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் சாவியை ஓஃப் பண்ணி, அழுத்தம் இறக்குவதிலிருந்து திரும்பவும் தொடங்குங்கள்.